வாரன்ட்டி கார்டோட பின்பக்கம்



இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க ஹாஸ்டல் ரூம் மேசை டிராயரைத் திறந்து பாருங்க. ஒரு காதுல மட்டும் பாட்டு கேக்குற இயர்போன், சார்ஜ் ஏறாத புளூடூத் ஸ்பீக்கர், அண்ணனோ அக்காவோ கொடுத்த பழைய எம்பி3 பிளேயர், இதுல ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போடலைன்னா அதுக்குள்ள ஒரு வாரன்ட்டி கார்டும் இருக்கும். முன்பக்கம் பெரிய எழுத்துல "1 வருட வாரன்ட்டி". பின்பக்கம் எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்து. முன்பக்கத்தை எல்லாரும் படிப்போம். பின்பக்கத்தை நான் போன வருஷம் வரைக்கும் படிச்சதே இல்ல.

படிக்க வச்சது எங்க ஆச்சியோட மியூசிக் பிளேயர். அந்தக் கதையைக் கடைசியில சொல்றேன். முதல்ல பாடம்.

1. ஒரு வருஷம்னா என்ன அர்த்தம்?

வாரன்ட்டி ஒரு வருஷம்னா பொருள் ஒரு வருஷம் உழைக்கும்னு அர்த்தம் இல்ல. "தயாரிப்புலயோ, அதுல போட்ட பாகங்கள்லயோ குறை இருந்து, அது ஒரு வருஷத்துக்குள்ள வெளிய தெரிஞ்சா, சரி பண்ணித் தருவோம், இல்லன்னா மாத்தித் தருவோம்." இவ்வளவுதான் கம்பெனி சொல்லுது. இதுல முக்கியமான வார்த்தை "குறை". தேய்மானம் குறை இல்ல. கீழ போட்டு உடைக்கிறதும் குறை இல்ல.

ரிலையபிலிட்டி பேப்பர் எடுத்தவங்களுக்கு பாத்டப் கர்வ் ஞாபகம் இருக்கும். கிடைமட்ட அச்சுல காலம், செங்குத்து அச்சுல பழுது விகிதம். ஆரம்பத்துல கோடு உயரமா இருக்கும். சரியா ஒட்டாத சால்டர், ஃபேக்டரியிலயே கோளாறான சிப் எல்லாம் முதல் சில வாரத்துலயே மாட்டிக்கும். அப்புறம் கோடு கீழ இறங்கி ரொம்ப நாள் சமமா போகும். கடைசியில தேய்மானம் ஆரம்பிச்சதும் மறுபடி ஏறும். பக்கவாட்டுல பார்த்தா குளிக்கிற தொட்டி மாதிரியே இருக்கும், அதான் அந்தப் பேரு.

இப்ப அந்த கர்வ் மேல ஒரு வருஷத்துல ஒரு கோடு போடுங்க. வாரன்ட்டி காப்பாத்துறது தொட்டியோட இடது சுவரை. வலது சுவர், அதாவது தேய்மானம், உங்க தலையில. எந்தப் பாகத்தோட வலது சுவர் எவ்வளவு சீக்கிரம் வருதுங்கிறதுதான் ஒரு பிளேயரோட ஆயுள்.

2. உள்ள எது முதல்ல போகும்?

1979 ஜூலை 1-ம் தேதி ஜப்பான்ல சோனி முதல் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மாடல் பேரு டிபிஎஸ்-எல்2. மோட்டார், ரப்பர் பெல்ட், ஹெட், ரெண்டு பென்சில் பேட்டரி. இதுல வருஷக்கணக்குல கெட்டுப்போறது பெல்ட். ரப்பர் இறுகும், தளரும், பாட்டு இழுத்து இழுத்துப் பாடும். ஆனா ஸ்க்ரூவைக் கழட்டத் தெரிஞ்சவங்க பெல்ட்டை மாத்திடலாம். பேட்டரி பெட்டிக்கடையிலயே கிடைக்கும்.

2001 அக்டோபர் 23-ல ஆப்பிள் ஐபாட்டை அறிவிச்சது. 5 ஜிபி, 1.8 இன்ச் ஹார்டு டிஸ்க். ஓடிக்கிட்டே இருக்கிற ஹார்டு டிஸ்க்கைப் பாக்கெட்ல வச்சிட்டு ஒருத்தர் ஜாகிங் போனா என்ன ஆகும்? தட்டுக்கு மேல மயிரிழை உயரத்துல மிதக்குற ஹெட் அதிர்ச்சியில தட்டுல மோதலாம். அதுக்கு அவங்க பண்ண வேலை அழகானது. 32 எம்பி மெமரி ஒண்ணு வச்சாங்க. டிஸ்க் கொஞ்ச நேரம் சுத்தி, அடுத்து வரப்போற பாட்டுகளை மெமரியில கொட்டிட்டு நின்னுடும். அப்புறம் 20 நிமிஷம் வரைக்கும் பாட்டு மெமரியிலேருந்தே வரும். பேட்டரியும் மிச்சம், டிஸ்க்குக்கும் பாதுகாப்பு.

2005-ல ஷஃபிள், நானோ ரெண்டும் ஃபிளாஷ் மெமரியோட வந்தப்ப சுத்துற பாகமே இல்லாம போச்சு. சரி, இனிமே சாகவே சாகாதுன்னு நினைக்கத் தோணும். ஆனா அசையாத ஒண்ணுதான் எல்லாத்தையும் விட வேகமா தேயுது.

3. பேட்டரி: கணக்கு போட்டுப் பாருங்க

லித்தியம் பேட்டரி சாதாரணமா 300-லேருந்து 500 முழு சார்ஜ் சுழற்சிக்கு அப்புறம் அதோட கொள்ளளவுல 80 சதவீதத்துக்கு இறங்கும். தினமும் ஒரு முழு சார்ஜ்னா 300 நாள் எப்ப முடியும்? பத்து மாசம். 500 நாள்? ஒண்ணே கால் வருஷம் தாண்டி. வாரன்ட்டி 365 நாள். அதாவது பேட்டரியோட வலது சுவர், வாரன்ட்டி முடியுற இடத்துக்குப் பக்கத்துலயே நிக்குது. அதனாலதான் கார்டோட பின்பக்கத்துல "பேட்டரியின் இயல்பான தேய்மானம் நீங்கலாக"ன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

இந்த வரியால நடந்த சண்டை நியூயார்க்குல ஆரம்பிச்சது. 2003-ல கேசி நைஸ்டாட்டோட ஐபாட் பேட்டரி 18 மாசத்துல போயிடுச்சு. திறந்து மாத்துற மாதிரி டிசைன் இல்ல. ஆப்பிள்ல கேட்டா, செலவைப் பார்த்தா புதுசே வாங்கிக்கலாம்ங்கிற மாதிரி பதில். அவரும் அண்ணன் வேனும் சேர்ந்து ஊர்ல ஒட்டியிருந்த ஐபாட் விளம்பரங்கள் மேல, இதோட பேட்டரி 18 மாசம்தான் வரும்னு ஸ்டென்சில்ல அடிச்சு அதையே ஒரு குறும்படமா வெளியிட்டாங்க. அதே வருஷக் கடைசியில ஆப்பிள் 99 டாலருக்கு பேட்டரி மாத்துற திட்டத்தை அறிவிச்சது. படத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஏற்கெனவே போட்டு வச்ச திட்டம்னு சொல்லிச்சு. இன்னொரு பக்கம் வாடிக்கையாளர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2005-ல சமரசம் ஆச்சு. முதல் மூணு தலைமுறை ஐபாட் வாங்கினவங்கள்ல பேட்டரி சீக்கிரம் போனவங்களுக்கு 50 டாலர் ஸ்டோர் கிரெடிட் மாதிரியான இழப்பீடு கிடைச்சது.

இங்க ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. பேட்டரி மெதுவா பலம் குறையுறது தேய்மானம். பேட்டரி உப்புறது அப்படி இல்ல. உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் சிதைஞ்சு வாயு சேர்றதால வர்றது. வாரன்ட்டிக்குள்ள உப்பினா அதைக் குறைன்னு சொல்லிக் கேக்கலாம். குத்தாதீங்க, அமுக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க.

4. தண்ணி: டெஸ்ட் வேற, வாரன்ட்டி வேற

பெட்டியில ஐபிஎக்ஸ்7-ன்னு போட்டிருந்தா, 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணியில 30 நிமிஷம் வச்சு டெஸ்ட் பண்ணிருக்காங்கன்னு அர்த்தம். அசையாத, சோப்பு இல்லாத, உப்பு இல்லாத தண்ணி. வியர்வையும் கடல் தண்ணியும் அந்த டெஸ்ட்ல கிடையாது. இன்னொரு வேடிக்கை, முன்பக்கம் ஐபிஎக்ஸ்7 போட்ட அதே பொருளோட பின்பக்கத்துல "திரவத்தால் ஏற்படும் சேதம் நீங்கலாக"ன்னு இருக்கலாம். ரெண்டுமே பொய் இல்ல. ஒண்ணு லேப் ரிசல்ட், இன்னொண்ணு ஒப்பந்தம்.

தண்ணி பட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? உள்ள ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஈரம் பட்டா சிவப்பாகும். பழைய ஐபோன்லயும் ஐபாட் டச்லயும் இந்த நிறம் மாறினதை மட்டும் பார்த்து வாரன்ட்டியை மறுத்தாங்கன்னு அமெரிக்காவுல வழக்கு நடந்து, 2013-ல ஆப்பிள் 5.3 கோடி டாலருக்கு சமரசம் பண்ணிக்கிச்சு. காத்துல இருக்கிற ஈரப்பதமே நிறத்தை மாத்திடலாம்ங்கிறது வழக்குப் போட்டவங்க வாதம்.

5. பாகம் எல்லாம் நல்லா இருந்தும் செத்த கதை

சிஎஸ்இ மக்களே, இது உங்களுக்கு. 2008 டிசம்பர் 31 காலையில மைக்ரோசாஃப்டோட ஸூன் 30 பிளேயர்கள் எல்லாம் ஒரே நேரத்துல உறைஞ்சு நின்னுச்சு. டிஸ்க் ஓகே, பேட்டரி ஓகே.

காரணம் கடிகார டிரைவர்ல ஒரு லூப். மொத்த நாள் கணக்கை வருஷமா மாத்துற கோடு அது. நாள் எண்ணிக்கை 365-ஐ விட அதிகமா இருக்கிற வரைக்கும் லூப் ஓடும். லீப் வருஷமா இருந்து, நாள் 366-ஐ விட அதிகம்னா 366-ஐக் கழிக்கும். 2008 லீப் வருஷம். டிசம்பர் 31 சரியா 366-வது நாள். 365-ஐ விட அதிகம், அதனால லூப்புக்குள்ள போகும். 366-ஐ விட அதிகம் இல்ல, அதனால எதையும் கழிக்காது. எதுவும் மாறாம சுத்திக்கிட்டே இருக்கும். பேட்டரி முழுசா தீரட்டும், ஜனவரி 1 கிரீன்விச் நேரப்படி மதியத்துக்கு மேல ஆன் பண்ணுங்கன்னு கம்பெனியே சொல்லிச்சு. மறுநாள் எல்லாம் உயிரோட வந்துச்சு.

நம்ம லேப்ல பவுண்டரி கேஸ் டெஸ்ட் பண்ணாம சப்மிட் பண்றப்ப இந்தக் கதையை நினைச்சுக்கோங்க.

6. வாரன்ட்டி முடிஞ்சா கதை முடிஞ்சதா?

முடியல. 2005 செப்டம்பர்லேருந்து 2006 டிசம்பர் வரை வித்த முதல் தலைமுறை நானோவோட பேட்டரி அதிகமா சூடாகலாம்னு 2011 நவம்பர்ல ஆப்பிள் திரும்பக் கேட்டு, இலவசமா மாத்திக் கொடுத்தது. வாங்கி அஞ்சாறு வருஷம் ஆனதுக்கும் கிடைச்சது. இதுக்குப் பேரு ரீகால். வாரன்ட்டி தேதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால பழைய பொருளைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி மாடல் பேரையும் ரீகால்ங்கிற வார்த்தையையும் சேர்த்து ஒரு தடவை தேடுங்க.

நம்ம நாட்டுல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. வாரன்ட்டிக்குள்ள நியாயமில்லாம மறுத்தா முதல்ல 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதியலாம். அப்பவும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை வந்ததுலேருந்து 2 வருஷத்துக்குள்ள போகணும். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வாங்கின பொருளுக்குக் கட்டணம் இல்ல. பில் மட்டும் கையில இருக்கணும்.

7. ஆச்சியோட பிளேயர்

மூணாவது வருஷ இன்டர்ன்ஷிப்ல வந்த முதல் காசுல ஆச்சிக்கு ஒரு சின்ன பிளேயர் வாங்கிக் கொடுத்தேன். பட்டன் பெருசு, பழைய பாட்டு முந்நூறு ஏத்தியிருந்தேன், வாய்ஸ் ரெக்கார்டரும் உண்டு. ஆச்சிக்குச் சொல்லிக் கொடுக்குறப்ப தாத்தா கையில வாங்கி ரெக்கார்டு பட்டனை அமுக்கிட்டாங்க. "ஏல, இது பதியுதா?"ன்னு ஆரம்பிச்சு, அவங்க கல்யாணத்துக்கு ரேடியோ செட் வச்ச கதையை மூணு நிமிஷம் பேசினாங்க. ஆறு மாசத்துல தாத்தா தவறிட்டாங்க. அப்புறம் ஆச்சி ராத்திரி பாட்டு கேக்குறதை விட அந்த மூணு நிமிஷத்தைத்தான் அதிகமா கேட்டாங்க.

பதினோராவது மாசம் பேட்டரி உப்பி டிஸ்பிளே லேசா தூக்கிக்கிச்சு. வாரன்ட்டி இருக்கேன்னு பில்லை எடுத்துட்டு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு சர்வீஸ் சென்டர் போனேன். ஒரு கேள்வி கேக்கல, நாலே நாள்ல புத்தம் புதுசு கொடுத்தாங்க. பழசைக் கேட்டேன். அது கம்பெனிக்குப் போயிடுச்சுன்னு சொன்னாங்க. அன்னைக்குத்தான் கார்டைத் திருப்பிப் படிச்சேன். ஏழாவது வரி: "சேமிக்கப்பட்ட தரவுகளின் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல."

அவங்க மேல தப்பு சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. சொன்னதைச் செஞ்சாங்க. அந்த பிளேயர்ல மெமரி கார்டு போடுற ஸ்லாட் இருந்துச்சு. ரெக்கார்டிங்கை கார்டுல சேமிக்கிற ஆப்ஷனும் செட்டிங்ஸ்ல இருந்துச்சு. பதினோரு மாசம் நல்லா ஓடினப்ப ஒரு கேபிள் போட்டு காப்பி எடுத்திருக்கலாம். இன்ஜினியரிங் படிக்கிறவன் நான்தான்.

முந்நூறு பாட்டையும் மறுபடி ஏத்திக் கொடுத்தேன். ஆச்சி ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பார்த்துட்டு, "பாட்டெல்லாம் இருக்கு. தாத்தா பேசுனதை எங்கல?"ன்னு கேட்டாங்க.

8. இதை மட்டும் பண்ணுங்க

• வாங்குற அன்னைக்கே பில்லை போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைங்க. பல பில் தாளுல மை சில மாசத்துல மறைஞ்சிடும்.
• கார்டுல "நீங்கலாக"ன்னு வர்ற வரிகளை மட்டுமாவது படிங்க. அஞ்சு நிமிஷம் ஆகாது.
• பேட்டரியைத் தனியா மாத்த முடியுமா, மெமரி கார்டு போட முடியுமான்னு கடையில கேளுங்க. ஒரு வருஷமா ரெண்டு வருஷமாங்கிறதை விட இந்த ரெண்டு கேள்வி முக்கியம்.
• ரொம்ப நாள் சும்மா வைக்கப் போறீங்கன்னா பாதி சார்ஜ்ல, சூடு இல்லாத இடத்துல வைங்க. முழுசா தீர விட்டு வைக்காதீங்க.
• சர்வீஸுக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி கார்டை வெளிய எடுங்க. பழைய பொருள் திரும்ப வருமான்னு கேட்டு ரசீதுல எழுதி வாங்குங்க.
• மாத்திக் கொடுத்த பொருளுக்கு வாரன்ட்டி எது வரைக்கும்னு கேளுங்க. பல இடத்துல பழசோட மிச்ச நாள்தான் கணக்கு.

இந்த செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு பென் டிரைவ் எடுத்துட்டுப் போங்க. வீட்டுல இருக்கிற பழைய போன், பிளேயர், கேமரா எல்லாத்தையும் ஒரு மத்தியானம் உக்காந்து காப்பி எடுங்க. பேட்டரி உப்பியிருந்தா சார்ஜ் போடாம கார்டை மட்டும் கழட்டுங்க. எப்படின்னு தெரியலைன்னா ஃபைனல் இயர் பிளாக்ல என்னை வந்து பாருங்க, ஸ்க்ரூ டிரைவர் செட் என்கிட்ட இருக்கு.