பணிக்குழு அமைப்பது எப்படி? நடத்துவது எப்படி?

"இதுக்கு ஒரு குழு போட்டுடுவோம்" என்பது கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. எல்லோரும் தலையாட்டுவோம். ஐந்தாறு பேரின் பெயர் எழுதப்படும். தேநீர் குடித்துவிட்டுக் கலைவோம். ஆறு மாதம் கழித்து "அந்தக் குழு என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல ஆள் இருக்காது.

எங்களுக்கும் இது நடந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்களைக் கவனிக்க ஆறு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தோம். ஆறு பேரும் படித்தவர்கள், அக்கறை உள்ளவர்கள். ஆனால் யார் பொறுப்பாளர், எந்தத் தேதிக்குள் எதை முடிக்க வேண்டும், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். கடைசித் தேதி கடந்துபோனது. சில பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு உதவி கிடைக்கவில்லை. குறை அந்த ஆறு பேரிடம் இல்லை, குழுவை அமைத்த எங்களிடம்தான் இருந்தது.

அதன் பிறகுதான், பெரிய தொழில்முறை அமைப்புகள் இந்த வேலையை எப்படிச் செய்கின்றன என்று தேடிப் படித்தோம். நம் பிள்ளைகள் பலர் இன்று பொறியாளர், மருத்துவர், கணக்காளர் சங்கங்களில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். நாளை அவர்களையும் இத்தகைய குழுக்களில் சேர்ப்பார்கள். எனவே நாங்கள் கற்றதை இங்கே பகிர்கிறோம்.

நிலைக்குழு வேறு, பணிக்குழு வேறு

நிதிக்குழு, கல்விக்குழு போன்றவை நிலைக்குழுக்கள். ஆண்டுதோறும் ஆட்கள் மாறினாலும் குழு இருந்துகொண்டே இருக்கும். பணிக்குழு அப்படியல்ல. ஒரே ஒரு வேலைக்காக அமைக்கப்பட்டு, அது முடிந்ததும் கலைந்துவிட வேண்டியது அது. ஆங்கிலத்தில் 'டாஸ்க் ஃபோர்ஸ்' என்ற சொல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் வழக்கிலிருந்து பரவியது. குறிப்பிட்ட ஒரு பணிக்காகப் பல பிரிவுகளின் கப்பல்களை ஒன்றுசேர்ப்பதை அப்படி அழைத்தார்கள்.

கூட்ட நடைமுறைகளைத் தொகுத்து 1876இல் நூலாக வெளியிட்ட அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட்டின் பெயரால் வழங்கும் விதிகளும் இந்த வேறுபாட்டைச் சொல்கின்றன. தனிப் பணிக்காக அமைத்த குழு, இறுதி அறிக்கையைக் கொடுத்ததும் தானாகவே முடிவுக்கு வந்துவிடும்.

அமைக்கும் முன் கேட்க வேண்டியவை

இணையம் இயங்கும் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் அமைப்பு, இணையப் பொறியியல் பணிக்குழு. 1986 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில் நடந்த அதன் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் 21 பேர்தான். இன்று அதனுள் பல சிறு குழுக்கள் வேலை செய்கின்றன.

அங்கே புதிய குழு அமைக்கும் முன் சில கேள்விகள் கேட்கப்படும். பிரச்சினை தெளிவாக இருக்கிறதா? இலக்கு எட்டக்கூடியதா? உட்கார்ந்து உழைக்க ஆட்கள் இருக்கிறார்களா? பல நேரங்களில் இதற்கென்றே ஒரு திறந்த கூட்டம் நடத்திப் பார்ப்பார்கள். அதன் பிறகே பணி ஆணை எழுதப்படும். குழுவின் நோக்கம், தலைவர்களின் பெயர், எந்த மாதத்துக்குள் எந்தக் கட்டம் முடிய வேண்டும் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். மேலே உள்ள வழிநடத்தும் குழு ஒப்புதல் தந்தால்தான் வேலை தொடங்கும்.

நாங்கள் விட்டது இந்த ஒரு காகிதத்தைத்தான்.

யாருக்கு என்ன அதிகாரம்?

கணினித் துறையினரின் பழம்பெரும் சங்கம் ஏ.சி.எம். 1947இல் தொடங்கப்பட்டது. அதன் தொழில் ஒழுக்க விதிகள் 1992இல் எழுதப்பட்டவை. அதன் பிறகு இணையமும் கைபேசியும் உலகையே மாற்றிவிட்டன. விதிகளைத் திருத்த வேண்டியிருந்தது. ஒழுக்க விவகாரங்களுக்கு ஒரு நிலைக்குழு ஏற்கெனவே இருந்தபோதும், இந்தத் திருத்தத்துக்கென்று தனிப் பணிக்குழு ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

அந்தக் குழு தானே முடிவெடுத்து அறிவித்துவிடவில்லை. வரைவை வெளியிட்டது. உறுப்பினர்களிடமும் வெளியாரிடமும் கருத்துக் கேட்டது. திருத்தியது. மறுபடியும் வெளியிட்டது. கடைசியில் சங்கத்தின் பேரவை 2018 ஜூன் 22 அன்று புதிய விதிகளை ஏற்றது. எழுதியது பணிக்குழு, ஏற்றது பேரவை. இந்த எல்லை முதலிலேயே தெளிவாக இருந்தால், "எங்களைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார்கள்" என்ற சண்டைக்கு இடமில்லை.

யாரைச் சேர்ப்பது?

வேலை தெரிந்தவர், நேரம் கொடுக்கக்கூடியவர், அந்த முடிவால் பாதிக்கப்படுபவர் ஆகிய மூன்று வகையினரும் வேண்டும். மூன்றாமவரைத்தான் நாம் பெரும்பாலும் மறக்கிறோம். மாணவர் உதவிக் குழுவில் ஒரு மாணவரும் ஒரு தாயும் இருந்திருந்தால், கடைசித் தேதியை யாராவது நினைவூட்டியிருப்பார்கள்.

சொந்த ஆதாயத்தையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் நோய்த் தடுப்புச் சேவைகளை ஆராய்ந்து பரிந்துரை செய்யும் பணிக்குழு 1984இல் ஏற்படுத்தப்பட்டது. அதில் இருப்பவர்கள் தன்னார்வ நிபுணர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு, பேசப்போகும் பொருளில் தமக்குப் பணத் தொடர்போ வேறு தொடர்போ இருந்தால் அவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். தேவைப்பட்டால் அந்த விவாதத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். நம் குழுவிலும், ஒருவரின் தம்பி மகன் விண்ணப்பித்திருந்தால் அவர் அன்று ஒதுங்கியிருப்பதே அவருக்கும் மரியாதை, குழுவுக்கும் மரியாதை.

முடிவெடுப்பது

இணையப் பொறியியல் பணிக்குழுவில் வாக்கெடுப்பு நடத்துவது வழக்கமில்லை. பெருமளவு உடன்பாடு வந்ததா என்று பார்ப்பார்கள். கூட்டத்தின் போக்கை அறிய, ஒரு யோசனையை ஆதரிப்பவர்களை வாய்மூடி 'ம்ம்' என்று முனகச் சொல்வதும் அங்கே உண்டு. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதன் பின்னால் உள்ள கருத்து ஆழமானது. எதிர்ப்பவர் எத்தனை பேர் என்பதைவிட, அவர் சொல்லும் காரணம் என்ன என்பதே முக்கியம். அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லாமல் தலையை எண்ணி முடித்துவிடக் கூடாது. அதே நேரம், பதில் சொல்லியாகிவிட்டால் ஒருவர் ஒப்பாததற்காக வேலை நிற்கவும் கூடாது. மஷூரா செய்து பழகிய நம் குடும்பங்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

ஒவ்வொரு கூட்டத்திலும் என்ன முடிவானது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றை மட்டுமாவது தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும்.

முடிப்பது

அறிக்கை கொடுத்ததும் குழுவுக்கு நன்றி சொல்லிக் கலைக்க வேண்டும். கலைக்காத குழு பெயருக்கு நீடிக்கும், அதில் இருப்பவர்கள் சோர்ந்துபோவார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் வர மாட்டார்கள். அறிக்கையைப் பெற்ற நிர்வாகமும், எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று பதில் சொல்லக் கடமைப்பட்டது. பதிலே வராத அறிக்கை, உழைத்தவர்களின் மனதை உடைக்கும்.

இப்போது நாங்கள் எந்தக் குழுவை அமைத்தாலும், ஒரு பக்கத் தாளில் வேலை, பொறுப்பாளர், அதிகார எல்லை, கடைசித் தேதி நான்கையும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே தொடங்குகிறோம். உங்களை யாராவது ஒரு குழுவில் சேரச் சொன்னால், சரி என்று சொல்லும் முன் இந்த நான்கையும் கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள். அப்படிக் கேட்பதை அவமரியாதை என்று நாங்கள் நினைக்க மாட்டோம். அன்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடைத்திருக்கும்.