எண்ணும் ஏடும்
குண்டுவீச்சு விமானங்களின் வரலாறு காணும் முறை

போரின் வரலாறு எழுதுவோர் படைகளையும் தளபதியரையும் பற்றிப் பேசுவர். தனியொரு விமானத்தின் வரலாற்றைத் தேடுவோரோ அதனினும் நுணுகிய வழியிற் செல்வர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளினின்று வெளிவந்த பெரிய குண்டுவீச்சு விமானங்களுள் பி-17 வகையின 12,731. பி-24 வகையின 18,000இற்கும் மேற்பட்டன. இத்துணைப் பெருந்தொகையுள் ஒன்றை மட்டும் எடுத்து, அஃது எங்கே சென்றது, யாரைச் சுமந்தது, எவ்விடத்தில் வீழ்ந்தது என வினவி விடை காண்டல் இயலுமா? இயலும். அம்முறையை மாணாக்கர் பொருட்டு ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

தேடுவோன் முதலிற் கைக்கொள்ள வேண்டியது விமானத்தின் பெயரன்று, எண்ணே. தம் விமானத்தின் முகப்பிற் பெயரும் படமும் தீட்டுதல் அமெரிக்க விமானிகளின் வழக்கம். ஒரே பெயர் பல விமானங்களுக்கு அமைந்ததும் உண்டு. ஒரு விமானமே பெயர் மாறியதும் உண்டு. தொடரெண்ணோ ஒன்றற்கே உரியது. 41-24301 என்னும் எண்ணை நோக்குக. முதலிரண்டு இலக்கங்களும் அவ்விமானம் 1941ஆம் நிதியாண்டுக் கணக்கில் வாங்கப்பட்டமையைக் குறிக்கும். எஞ்சியவை அவ்வாண்டின் வரிசையெண். வாலில் தீட்டுங்கால் முதலிலுள்ள 4ஐ விடுத்து 124301 என எழுதினர். ஆதலின், பழைய நிழற்படம் ஒன்றில் வால் தெளிவாகத் தெரியுமாயின் முழு எண்ணையும் மீட்டுக்கொள்ளலாம்.

எண் கிடைத்தபின் ஏடுகளைத் தேடல் வேண்டும். விமானம் எவ்வெப்போது எப்பிரிவின் கைக்குச் சென்றது என்பதைக் காட்டும் பதிவட்டை ஒன்று. படைப்பிரிவின் அன்றாடப் பறப்புக் குறிப்பு மற்றொன்று. காணாமற்போன விமானக் குழுவினர் பற்றி 1943 முதல் எழுதப்பட்டுவந்த அறிக்கை பிறிதொன்று. இவ்வறிக்கையில் விமானத்தின் எண்ணும், குழுவினர் பெயரும், இயந்திரங்களின் எண்களும், இறுதியாக அதனைக் கண்ட இடமும் குறிக்கப்படும். இவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்குதல், சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடந் துணியும் பதிப்பாசிரியர் பணியை ஒக்கும்.

விமானத்தின் வரலாறு வேறு, குழுவினர் வரலாறு வேறு என்பதையும் மறத்தலாகாது. புகழ்பெற்ற 'மெம்பிஸ் பெல்' என்னும் பி-17 விமானத்தின் எண் 41-24485. அதன் குழுவினர் தமது 25ஆம் தாக்குதலை 1943 மே 17ஆம் நாள் முடித்தனர். விமானமோ தனது 25ஆம் தாக்குதலை இரு நாள் கழித்து, வேறொரு குழுவினருடன் முடித்தது. அதற்கு முன்னரே, மே 13ஆம் நாளில், 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்னும் பிறிதொரு பி-17 விமானம் 25 தாக்குதல்களை நிறைவேற்றிவிட்டது. எனினும் மெம்பிஸ் பெல்லே முதலாவது எனப் பலர் இன்றும் எண்ணுவர். புகழ் கூறுவதும் பதிவேடு கூறுவதும் ஒன்றாதல் எப்போதும் இல்லை.

அவ்வாறாயின் பதிவேட்டை ஐயமின்றி நம்பலாமோ? மேலே காட்டிய 41-24301 என்னும் எண்ணுக்குரிய விமானம் இதற்கு விடை கூறும். 'லேடி பீ குட்' என்னும் அந்த பி-24 விமானம் 1943 ஏப்பிரில் 4ஆம் நாள் லிபியாவிலுள்ள சொலுக் தளத்தினின்று இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்டது. ஒன்பதின்மர் அதிற் சென்றனர். ஒருங்கு சேர்ந்து அக்குழுவினர் செய்த முதற்போர்ப் பறப்பு அதுவே. விமானம் திரும்பவில்லை. மத்தியதரைக் கடலில் வீழ்ந்திருக்கும் என அதிகாரிகள் கருதினர்.

1958இல் எண்ணெய் தேடிய பிரித்தானியர் சிலர் லிபியப் பாலைவனத்தின் நடுவே, தளத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 440 மைல் தொலைவில், வீழ்ந்துகிடந்த விமானம் ஒன்றை ஆகாயத்தினின்று கண்டனர். அப்பகுதியில் விமானம் எதுவும் இழக்கப்பட்டதாகப் பதிவு இல்லை. 1959இல் தரைவழியே சென்றோர் விமானத்தின் எண்ணைக் கண்டபின்னரே உண்மை வெளிப்பட்டது. இரவிருளில் தளத்தைக் கடந்ததறியாது தெற்கே பறந்த குழுவினர், எரிபொருள் தீரும் வேளையில் பரகூட் கொண்டு குதித்தனர். ஆளற்ற விமானம் மேலும் சில மைல் சென்று தானே மணலில் இறங்கியது.

1960இல் ஐவர் உடல்கள் ஓரிடத்திற் கிடைத்தன. துணை விமானியின் நாட்குறிப்பும் உடனிருந்தது. சிறிதளவு நீரை எண்மர் பகிர்ந்துண்டு வடக்கு நோக்கி நடந்தமையை அது கூறுகின்றது. அதன் இறுதிக் குறிப்பு ஏப்பிரில் 12ஆம் நாளுக்குரியது. அவ்வாண்டிலேயே மேலும் மூவர் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவருள் ஒருவர் பரகூட் விரியாமையால் வீழ்ந்த அன்றே இறந்தவர். இவ்வாறு, கடலில் மூழ்கியோர் எனக் கருதப்பட்டவர் எவ்வாறு மாண்டனர் என்பதை அவர்தம் குடும்பத்தார் பதினேழு ஆண்டுகள் கழித்தே அறிந்தனர்.

ஈண்டுக் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. 'விமானம் திரும்பவில்லை' என்றது கண்ட உண்மை. 'கடலில் வீழ்ந்தது' என்றது கருதல். கருதலை உண்மையோடு ஒருங்கு வைத்தமையாலேயே, பாலைவனத்திற் கிடந்த விமானத்துக்குப் பதிவேட்டில் இடமில்லாது போயிற்று.

இத்தகைய ஆராய்ச்சிக்கு எம் நாடும் புறம்பானதன்று. 1944 ஓகஸ்ட் 10ஆம் நாள் அமெரிக்கரின் பி-29 விமானங்கள் 50இற்கு மேற்பட்டவை திருகோணமலைச் சீனக்குடாவினின்று எழுந்து, சுமாத்திராத் தீவின் பலெம்பாங்கிலுள்ள எண்ணெய் ஆலைகளை நோக்கிப் பறந்தன. அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் எண்ணுண்டு. ஒவ்வொன்றினுள்ளும் மனிதர் இருந்தனர். ஆர்வமுடைய மாணாக்கர் அங்கிருந்தே தொடங்கலாம். எதனை ஆராயினும், ஏட்டிற் காணும் ஒவ்வொரு கூற்றையும், 'இது கண்டு எழுதியதா, கருதி எழுதியதா?' என வினவப் பழகுவாராக.