வெயில் குறைந்து போயிற்றா?
(சூரிய விளக்கும் சேமக்கலமும்)

ஞாயிற்றின் ஒளி ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை. செட்டிநாட்டு மாளிகையின் முற்றத்திலும் விழுகிறது. பொட்டல் காட்டிலும் விழுகிறது. ஆனால், பகலில் விழும் அந்த ஒளியை இரவுக்கு எடுத்து வைப்பது அத்தனை எளிதன்று. இதை எனக்கு உணர்த்தியவர் ஓர் ஆட்டுக் கீதாரி.

சென்ற மாசி மாதம் தேவகோட்டைச் சாலையோரம், அறுவடை முடிந்த வயலில் அவர் கிடை போட்டிருந்தார். நம் பகுதிக் கீதாரிகள் ஓரிடத்தில் தங்குபவர்கள் அல்லர். இன்று இந்த வயல், நாளை அடுத்த வயல் என்று மாவட்டம் விட்டு மாவட்டம் செல்பவர்கள். மின்கம்பம் அவர்களைத் தொடர்ந்து வருமா? இரவில் ஆடு குட்டி ஈன்றாலும், நரி வந்தாலும் கையில் ஒரு விளக்கு வேண்டும். அதற்காகவே அவர் சூரிய விளக்கு ஒன்றை வாங்கியிருந்தார். அது இப்போது எரியவில்லை. மறுபடியும் பேட்டரிக் கட்டை வாங்கி டார்ச் விளக்கைப் பயன்படுத்தி வந்தார்.

"தம்பி, பகல் பூரா வெயில்லதான் கெடக்கு. ராத்திரி அரை மணி நேரம் கண்ணைச் சிமிட்டிட்டு அணைஞ்சு போகுது. வெயிலு குறைஞ்சு போச்சா என்ன?" என்று கேட்டார்.

இயற்பியல் படிக்கும் எனக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. "ஐயா, இதை எங்கள் கல்லூரிக்குக் கொண்டு போய்ப் பார்க்கட்டுமா?" என்று கேட்டு வாங்கி வந்தேன்.

ஒளி மின்சாரமாகும் விதம்

ஒளி பட்டால் மின்னோட்டம் தோன்றும் என்பதை 1839-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கெரல் கண்டறிந்தார். ஒளி சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வந்து எலெக்ட்ரான்களை வெளியேற்றுகிறது என்று 1905-இல் ஐன்ஸ்டீன் விளக்கினார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் பயன்படத்தக்க சிலிக்கான் சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினர். தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்சாரமாக்கிற்று. 1958-இல் வான்கார்டு என்னும் செயற்கைக்கோளில் ஏறி, அது விண்வெளிக்கும் சென்றது.

ஒரு சிலிக்கான் மின்கலம் தருவது ஏறத்தாழ அரை வோல்ட்தான். பல மின்கலங்களைத் தொடராக இணைத்தே சூரியத் தகடு செய்கிறார்கள். தகட்டில் தேயும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே அது இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும்.

நோய் எங்கே?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் விளக்கைத் திறந்து சோதித்தோம். நண்பகல் வெயிலில் தகடு 10 வோல்ட் வரை காட்டியது. தகட்டில் குற்றமில்லை. உள்ளே இருந்தது 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி காரீய அமிலச் சேமக்கலம். விளக்கை இணைத்ததும் அதன் அழுத்தம் 4 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 3 வாட் விளக்கு 6 மணி நேரம் எரிய 18 வாட்-மணி வேண்டும். 5 வாட் தகடு, முழு வெயிலுக்கு ஈடான 5 மணி நேரத்தில் 25 வாட்-மணி தரும். கால் பங்கு வழியில் இழப்பாகும் என்று கொண்டால் மீதி 19-க்கும் குறைவு. வரவும் செலவும் சரியாகிவிடுகின்றன. சேமக்கலத்தின் கொள்ளளவோ 27 வாட்-மணி. அப்படியானால் ஒவ்வோர் இரவும் அதன் மூன்றில் இரண்டு பங்கு காலியாகிறது. இப்படி உழைக்கும் காரீயக் கலம் ஓராண்டைத் தாண்டுவதே அரிது.

இன்னொரு காரணமும் தெரிய வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊர் திரும்பிய கீதாரி, மின்னேற்றம் தீர்ந்த விளக்கைத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து மாறிவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் கெட்டியான படிகமாகி, மீண்டும் மாற மறுக்கும். வாங்கும்போது இதை அவருக்குச் சொன்னவர் யாருமில்லை.

ஊருக்கும் அதுவே

ஒரு விளக்குக்கு நேர்ந்தது ஓர் ஊருக்கும் நேரலாம். பீகார் மாநிலத்துத் தர்னாய் என்னும் சிற்றூர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்சாரமின்றி இருந்தது. 2014-இல் அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைந்தபோது நாடே பேசிற்று. பிறகு மலிவான கம்பி மின்சாரம் வந்தது. சேமக்கலங்களும் சில ஆண்டுகளில் ஓய்ந்தன. புதியன வாங்குவார் இல்லை. நிலையம் பயனற்றுப் போயிற்று. வெயில் மட்டும் அங்கே குறையவில்லை.

நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து சூரிய விளக்குகள் வகுக்கப்பட்டன. அண்டை மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. கமுதியின் மின்சாரம் கம்பி வழியே உடனே ஓடிவிடும். வீட்டு விளக்கோ இரவை நோக்கிக் காத்திருக்க வேண்டும். அங்கேதான் சேமக்கலத்தின் பொறுப்பு தொடங்குகிறது.

பயணத்தில் சூரிய ஒளியை நம்பலாமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று உண்டு. மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் சேத்தன் சிங் சோலங்கி, 2030 வரை வீடு திரும்புவதில்லை என்று உறுதி பூண்டு 2020-இல் ஒரு பேருந்தில் புறப்பட்டார். அதன் கூரையில் 3.2 கிலோவாட் தகடுகள்; உள்ளே 6 கிலோவாட்-மணி சேமக்கலம். வரவறிந்து செலவு செய்தால் பயணத்திலும் இருள் இல்லை.

நம் ஊரின் பங்கு

சேமக்கலம் என்பது மின்வேதியியல். அந்த அறிவுக்கு நம் ஊரே ஒரு தலைவாசல். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமாகிய சிக்ரி. லித்தியம் அயனிக் கலத்துக்கு உள்நாட்டிலேயே அங்கு உருவான தொழில்நுட்பத்தைத் தொழில்துறைக்கு வழங்க 2018-இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு வகைக் கலம், காரீயக் கலத்தைப் போலப் பல மடங்கு முறை மின்னேற்றம் தாங்கும், எடையும் குறைவு. தோளில் சுமந்து செல்பவர்க்கு அதுவே ஏற்றது. ஆனால் அதற்கு வேறு மின்னேற்றக் கட்டுப்பாட்டுச் சுற்று வேண்டும். பழைய விளக்கில் அப்படியே பொருத்தலாகாது.

ஆகவே நாங்கள் அதே வகைக் காரீயக் கலம் ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். கிடைக்குச் சென்று மூன்று செய்திகளைச் சொன்னேன்: வாரம் ஒரு முறை தகட்டின் தூசியைத் துடைக்க வேண்டும், ஒளி மங்கியதும் அணைத்துவிட வேண்டும், பெட்டியில் வைக்குமுன் முழுதும் மின்னேற்றி, பிறகு மாதம் ஒரு நாள் வெயிலில் வைக்க வேண்டும்.

"அப்போ வெயில் மேலே குத்தமில்லை. பட்டினி போட்டது நான்தானா?" என்று சிரித்தார் அவர்.

பட்டினி போட்டவர் அவர் அல்லர் என்றே எனக்குத் தோன்றுகிறது. விளக்கைக் கொடுத்தவர்கள் அதன் பசியைச் சொல்லித் தரவில்லை. படித்த நாம் அதைச் சொல்லித் தர முன்வருவோமாயின், நம்மைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓய்ந்து கிடக்கும் விளக்குகள் பலவும் மீண்டும் எரியும்.