ஆர்.வி. எடுக்கிறீர்களா? காசு கரையும் இடங்கள்

அமெரிக்காவில் ஆர்.வி. (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) வாடகைக்கு எடுப்பவர்கள் பலர் தினவாடகையை மட்டும் பார்க்கிறார்கள். மைலுக்கு எவ்வளவு, ஜெனரேட்டருக்கு மணிக்கு எவ்வளவு, கழிவுத் தொட்டியைக் காலி செய்யாமல் திருப்பினால் அபராதம் எவ்வளவு என்று முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் முதல் பயணத்தில் இரவெல்லாம் ஜெனரேட்டரில் ஏ.சி. ஓட்டிவிட்டு, அதற்குத் தனியாகப் பணம் கட்டினோம்.

பெட்ரோல் பெருஞ்செலவு. நடுத்தர வண்டியே கேலனுக்குப் பத்து மைல் அளவில்தான் ஓடும். அதனால் ஐந்து தேசியப் பூங்காக்களுக்கு அலைவதை விட ஒன்றிரண்டில் நிதானமாகத் தங்குவது நல்லது.

யூட்டா, அரிசோனா, நெவாடா போன்ற மேற்கு மாநிலங்களில் நில மேலாண்மைப் பணியகத்தின் பொது நிலங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றில் பல இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். தண்ணீர், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய், குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். கோடையில் நெருப்பு மூட்டத் தடை இருக்கலாம். உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருந்தால் மூன்று நாள் ஓட்டல் செலவு மிச்சம்.

உடன் வரும் அப்பா அம்மாவுக்கு 62 வயது நிறைந்து, குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால், தேசியப் பூங்காக்களுக்கான முதியோர் பாஸ் வாங்குங்கள். ஆண்டுக்கு 20 டாலர், ஆயுளுக்கு 80 டாலர். வண்டிக்குக் கட்டணம் வாங்கும் தேசியப் பூங்காக்களில் அதே வண்டியில் வரும் எல்லோருக்கும் அது செல்லும். அரசு முகாம்கள் பலவற்றில் கட்டணமும் பாதி. விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு இந்தப் பாஸ் கிடையாது.