கடைசி வரிசைச் சிறுவன்

அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் சேக்கர் சிறுவர்க்கென எழுதி, 1987-இல் வெளிவந்த புதினம் 'தேர்ஸ் எ பாய் இன் த கேர்ள்ஸ் பாத்ரூம்'. மாணவியர் கழிப்பறையில் ஒரு பையன் என்பது பொருள். தலைப்பைக் கண்டு பெற்றோர் தயங்க வேண்டுவதில்லை. பள்ளிக்குப் புதியவனான ஜெஃப் என்னும் மாணவன் வழி தவறி அங்கு நுழைந்துவிட்டு நாணுகின்றான், அவ்வளவே. 'ஹோல்ஸ்' என்னும் நூலுக்காக 1999-இல் நியூபெரிப் பதக்கம் பெற்றவர் இவ்வாசிரியர். எனினும், ஆசிரியப் பணியில் உள்ளோர் முதலில் பயில வேண்டியது இந்நூலே என்பது நம் கருத்து.

கதைத்தலைவன் பிராட்லி ஐந்தாம் வகுப்பு மாணவன். கடைசி வரிசையில் தனித்து அமர்பவன், பொய் கூறுபவன், அருகில் வருவோரை மிரட்டுபவன். ஜெஃபுக்கு அவனருகே இடம் ஒதுக்க நேர்ந்தபோது, அங்கு உட்கார எவரும் விரும்புவதில்லை என ஆசிரியை வகுப்பறிய வருந்துகின்றார். அச்சொற்கள் பிராட்லியின் செவியிலும் விழுகின்றன. தீய எண்ணம் சிறிதுமின்றிக் கூறப்பட்ட சொல்தான். ஆயினும் ஒரு பிள்ளையின் பெயர் கெடுவதற்குப் பகைவர் தேவையில்லை. களைத்துப்போன ஆசிரியர் ஒருவரே போதும். அதே சிறுவன் வீட்டில் தன் அறைக்குள் சின்னஞ்சிறு விலங்குப் பொம்மைகளோடு எத்துணை அன்பாகப் பேசுகின்றான் என்பதை வகுப்பில் ஒருவரும் அறியார்.

பள்ளிக்கு ஆலோசகராக வரும் கார்லா அவனுக்கு அறிவுரை கூறுவதில்லை. அவன் கூறும் பொய்களையும் பொறுமையுடன் கேட்கின்றார். படிப்பதற்குத் தம் நூலொன்றைக் கொடுத்தனுப்புகின்றார். மாற்றம் மெல்லத் தொடங்குகின்றது.

நூலின் உயிர்நிலை எனத்தக்க இடம் ஒன்றுண்டு. பிராட்லி தந்தையின் துணையுடன் வீட்டுப்பாடத்தை முயன்று செய்து முடிக்கின்றான். மறுநாள் ஆசிரியையின் மேசையருகே சென்றதும் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிடுகின்றான். சோம்பலால் செய்யாத பிள்ளையும், செய்தும் அஞ்சிக் கிழித்த பிள்ளையும் மதிப்பெண் ஏட்டில் ஒன்றாகவே தெரிவர். முயலாதவன் தோற்பதில்லை; முயன்று கொடுத்தவனோ தோற்கவும் கூடும், நாளையும் கொடுக்க வேண்டும். இவ்வச்சத்தைக் கண்டுகொள்வது எப்படி என்பது நாம் பயின்ற ஆசிரியப் பயிற்சி நூல்களில் இல்லை.

பிராட்லி தேறிவரும் வேளையில் பெற்றோர் சிலர் ஆலோசகர் வேண்டாமென எதிர்க்கின்றனர்; கார்லா அப்பள்ளியை விட்டுச் செல்ல நேர்கின்றது. கைவிடப்பட்டதாகச் சினந்து அழும் அவன், இறுதியில் தன் பொம்மைகளுள் மிக விரும்பிய சிவப்பு முயலை அவருக்குக் கடிதத்துடன் அனுப்பி வைக்கின்றான். பெற்றோரின் எதிர்ப்பை ஆசிரியர் சற்று எளிமைப்படுத்திவிட்டார் என்றே தோன்றுகின்றது. அவர்கள் பக்கத்து அச்சத்தையும் விரித்துக் காட்டியிருக்கலாம்.

பத்து வயதுப் பிள்ளைகளுடன் வீட்டில் அமர்ந்து படிக்க ஏற்ற நூல். ஆங்கிலம் எளியது, அத்தியாயங்கள் சிறியவை. தாளைக் கிழிக்கும் இடம் வந்ததும் நூலை மூடிவைத்து, அவன் ஏன் அவ்வாறு செய்தான் எனப் பிள்ளையைக் கேட்கலாம். விடையை நாம் முந்திக்கொண்டு கூறாதிருப்பது நன்று. சில பிள்ளைகள் பிராட்லியைப் பற்றிக் கூறத் தொடங்கித் தம்மைப் பற்றியே கூறுவர்.