பெயர்த்தகடு சொல்லும் கணக்கு

வீட்டில் உள்ள மின்கேத்தலின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு சிறிய பெயர்த்தகடு ஒட்டப்பட்டிருக்கும். அதில் 230 வோல்ட், 2,200 வாட் என்பது போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். கடையில் பொருளின் விலையைக் கவனமாகப் பார்க்கும் நாம், இந்த எண்களைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆனால், வீட்டைத் தீயிலிருந்து காக்க உதவும் ஒரு கணக்கு இந்த எண்களில் அடங்கியிருக்கிறது.

அக்கணக்கைச் செய்ய நான்கு சொற்களை அறிந்திருக்க வேண்டும். கம்பியில் மின்சாரத்தை உந்தித் தள்ளுவது மின்னழுத்தம். இதன் அலகு வோல்ட். கம்பியின் வழியே ஓடும் மின்சாரத்தின் அளவு மின்னோட்டம். இதன் அலகு ஆம்பியர். அந்த ஓட்டத்திற்கு ஏற்படும் தடங்கல் மின்தடை. இதன் அலகு ஓம். ஒரு கருவி ஒவ்வொரு விநாடியும் பயன்படுத்தும் ஆற்றலின் அளவு மின்திறன். இதன் அலகு வாட்.

மின்தடையின் அலகுக்கு ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானியரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பல்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னோட்டத்தை அளந்து, தம் முடிவுகளை 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தொடக்கத்தில் அந்நூலுக்குப் போதிய வரவேற்பு கிடைக்கவில்லை. எனினும், 1841ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

நான்கு அளவுகளையும் இணைக்கும் விதிகள் எளியவை.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

நம் கேத்தலுக்கு இவ்விதிகளைப் பொருத்திப் பார்ப்போம். மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 2,200ஐ 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9.6 ஆம்பியர். இனி, 230 வோல்ட்டை 9.6 ஆம்பியரால் வகுத்தால் கேத்தலின் மின்தடை ஏறத்தாழ 24 ஓம் என்பது தெரியவரும். இவ்வாறே 1,600 வாட் இஸ்திரிப்பெட்டிக்குக் கணக்கிட்டால், மின்னோட்டம் 7 ஆம்பியர்; மின்தடை ஏறத்தாழ 33 ஓம். மின்தடை குறைந்த கருவியில் மின்னோட்டம் மிகுதியாக இருப்பதை இதனால் அறியலாம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீடுகளில் பயன்படும் மூன்று முனை பிளக்கினுள் ஓர் உருகி இருக்கும். அதன் உயர்ந்த அளவு 13 ஆம்பியர். கேத்தலையும் இஸ்திரிப்பெட்டியையும் தனித்தனியே சுவரில் பொருத்தினால் இரண்டும் இந்த அளவுக்குள் அடங்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் கம்பியில் பொருத்தி ஒரே நேரத்தில் இயக்கினாலோ, அக்கம்பியின் வழியே 16.6 ஆம்பியர் ஓடும்.

அப்போது என்ன நிகழும்? மின்தடை உள்ள இடத்தில் மின்சாரம் ஓடினால் வெப்பம் தோன்றும். அவ்வெப்பத்தின் திறனை அறிய, மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, பின்னர் மின்தடையால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எக்ஸ்டென்ஷன் கம்பியின் பிளக் தளர்வாகப் பொருந்தியிருக்கும் இடத்தில் 0.1 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். கேத்தல் மட்டும் இயங்கும்போது அவ்விடத்தில் 9.2 வாட் வெப்பம் தோன்றும். இஸ்திரிப்பெட்டியும் சேர்ந்தால் அது 27.6 வாட்டாக உயரும். மின்னோட்டம் இருமடங்குகூட ஆகவில்லை, வெப்பமோ மும்மடங்காகிவிட்டது. சிறிய இடத்தில் தேங்கும் இவ்வெப்பம் பிளாஸ்டிக்கை இளக்கி, கம்பியின் உறையைக் கருக்கி, இறுதியில் தீயை மூட்டக்கூடும்.

'உருகிதான் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?' என்று சிலர் கேட்கலாம். உருகி இன்றியமையாததுதான். ஆனால், 13 ஆம்பியரைச் சற்றுத் தாண்டிய உடனே அது உருகி அறுந்துவிடாது. அந்த அளவிலான மிகுமின்னோட்டத்தை அது நெடுநேரம் தாங்கக்கூடும். அந்நேரம் முழுவதும் தளர்ந்த இணைப்பு சூடேறிக்கொண்டே இருக்கும். ஆகவே, உருகியை நம்பிக் கணக்கை விட்டுவிடுவது அறிவுடைமை ஆகாது.

இக்கணக்கை எளிதாக நினைவில் கொள்ள ஒரு வழி உண்டு. 230 வோல்ட்டை 13 ஆம்பியரால் பெருக்கினால் 2,990 வாட் கிடைக்கும். ஓர் எக்ஸ்டென்ஷனில் பொருத்தும் கருவிகளின் வாட் எண்களைக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை இதைத் தாண்டக்கூடாது. சில எக்ஸ்டென்ஷன்களின் தாங்குதிறன் இதைவிடக் குறைவு என்பதால், அவற்றின் மேல் குறிக்கப்பட்டுள்ள அளவையும் படிக்க வேண்டும். கேத்தல், இஸ்திரிப்பெட்டி போன்ற சூடேற்றும் கருவிகளைத் தனித்தனியே சுவரில் பொருத்துவதே பாதுகாப்பானது. பிளக் சூடாக இருந்தாலோ கருகிய வாடை வந்தாலோ, உடனே சுவிட்சை அடைத்துப் பெரியவர்களிடம் தெரிவிக்க வேண்டும்.

இன்று உங்கள் சமையலறையில் உள்ள கருவிகளின் வாட் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2,200 வாட் கேத்தலும் 700 வாட் சோற்றுப் பானையும் சேர்ந்தால் 2,900 வாட். எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டோம். அவற்றுடன் 800 வாட் ரொட்டி வாட்டியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டு, வீட்டில் உள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.