சின்ன வீட்டில் பெரிய போர்வை

எங்க வீட்டில் அடுப்பும் பெட்டியும் போக ஒரு பாய் விரிக்கத்தான் இடம். ஆனா மார்கழிக் குளிருக்கு ஆயாவுக்குக் கெட்டிப் போர்வை வேணும். அம்மா செய்யும் முறை இது.

5½ மீட்டர் பழைய நூல் சேலை இரண்டைக் கஞ்சி போகத் துவைத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நாலு அடுக்கு. (நைலக்ஸ் வேண்டாம், வழுக்கும்.) நீளம் 2¾ மீட்டர். அதை எங்கே விரிப்பது? இரண்டு பக்கமும் பாய் மாதிரி சுருட்டி, நடுவில் ஒரு முழம் மட்டும் தெரிய விடணும். ஒவ்வொரு அடுக்கையும் நடுவிலிருந்து வெளியே நீவி, சாணுக்கு ஒரு வரிசை நீளத் தையல் போடணும். தையல் டீச்சர் சொல்ற தற்காலிகத் தையல்தான் இது. வேற நிற நூல் என்றால் பிறகு பிரிக்க லேசு. அந்த முழம் முடிந்ததும் அடுத்த முழத்தை அவிழ்க்கலாம். இரண்டு ஓரத்திலிருந்தும் தைத்து வந்தால் சுருக்கமெல்லாம் நடுவில் சேர்ந்து ஆயா முதுகை உறுத்தும்.

நெருக்கத் தையலுக்கு இடமே வேண்டாம், மடியில் வைத்தே போடலாம். பாதியை ஆயாவே திண்ணையில் உட்கார்ந்து போட்டுட்டாங்க.